சிந்திக்கும் வீரரைப் பயிற்றிய தளபதி

போரில் வென்றவரின் பெயரை உலகம் எளிதில் நினைவிற் கொள்கிறது. அவ்வெற்றிக்கு உரிய வீரரை அமைதிக் காலத்தில் ஒருவர் ஒருவராகப் பயிற்றி ஆளாக்கியவரை அது பெரும்பாலும் மறந்துவிடுகிறது. மரத்தின் கனியைப் புகழ்வோர் பலர்; அதன் வேருக்கு நீர் வார்த்தவரை நினைப்போர் சிலரே. அங்ஙனம் வேருக்கு நீர் வார்த்த தளபதி ஒருவர் பிரிட்டிஷ் படையின் வரலாற்றில் உண்டு. அவரே சர் ஜான் மூர். நாடுகளை வென்று வாகை சூடிய பெருமை அவருக்கு இல்லை. அவர் தலைமை ஏற்று நடத்திய இறுதிப் படையெடுப்பு ஒரு பின்வாங்கலாகவே முடிந்தது. ஆயினும், காலாட்படை வீரன் ஏவியதைச் செய்யும் பொறி அல்லன், எண்ணிச் செயலாற்றும் மனிதன் என்னும் உண்மையை அப்படைக்கு உணர்த்தியவருள் அவர் தலையாயவர். அவ்வுண்மை பனி மூடிய மலைகளிடையே கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அச்சோதனையில் அது வென்றதா என்பதை அவர் வாழ்க்கை காட்டும்.

இளமை

ஜான் மூர் 1761ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையாரின் பெயரும் ஜான் மூர் என்பதே. அவர் மருத்துவத்திலும் எழுத்துத் துறையிலும் பெயர் பெற்றவர். ஹாமில்டன் கோமகனாகிய இளைஞருக்குத் துணைவராக அவர் ஐரோப்பாவிற் பயணம் செய்தபோது, சிறுவனாகிய தம் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளைக் கண்ட சிறுவன், பிறமொழிகளைக் கற்றதோடு, பலவகை மக்களின் இயல்பையும் அறிந்தான். மனிதரை உற்று நோக்கும் அப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

1776ஆம் ஆண்டில், பதினைந்து வயது நிரம்பு முன்பே, மூர் 51ஆம் காலாட்படைப் பிரிவில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் முதற்போரைக் கண்டார். வட அமெரிக்காவில், இன்று மெய்ன் மாநிலம் எனப்படும் பகுதியில், பெனாப்ஸ்காட் என்னும் விரிகுடா உள்ளது. 1779ஆம் ஆண்டில் அங்கே பிரிட்டிஷார் கோட்டை ஒன்று கட்டி வந்தனர். அதனைத் தாக்க வந்த அமெரிக்கர், படகுகளில் இறங்கிச் செங்குத்தான கரைமீது ஏறினர். கரையைக் காத்து நின்றோரிற் பலர் கலங்கிப் பின்னிட்டனர். பதினேழு வயது மூர் மட்டும் தம்முடைய சிறு குழுவை நிலைகுலையாமல் நிறுத்திச் சிறிது நேரம் எதிர்த்த பின்னரே கோட்டைக்கு மீண்டார். பெரும்படையின் தலைவிதி சில வேளைகளில் ஒரு சிறு குழு நிற்பதையோ ஓடுவதையோ பொறுத்து அமையும் என்பது அன்று அவர் கண்கூடாகக் கண்ட பாடமாகும்.

போர்க்களமே பள்ளி

அதன் பின்னர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இடையிற் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, மூரின் வாழ்வு பெரும்பாலும் பாசறைகளிலேயே கழிந்தது. 1794இல் கார்சிகாத் தீவின் கால்வி நகர முற்றுகையில் அவர் தலையிற் காயமுற்றார். கடற்படை வீரர் நெல்சன் தம் வலக்கண்ணின் பார்வையை இழந்ததும் அதே முற்றுகையிலேதான். 1796இல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் லூசியாவில், காட்டினுள் மறைந்து போரிட்டவர்களோடு அவர் பொருத நேர்ந்தது. நெருங்கிய வரிசையில் நின்று ஆணைக்கு ஒருமிக்கச் சுடுவதை மட்டுமே அறிந்த வீரர், மரங்களுக்கு இடையே திசை தெரியாது திகைத்தனர். குண்டுக்கு இரையானவரைக் காட்டிலும் காய்ச்சலுக்கு இரையானவர் பலர். மூரே மஞ்சட் காய்ச்சலால் இறப்பின் வாயில்வரை சென்று மீண்டார். வீரனின் உணவையும் உறைவிடத்தையும் உடல்நலத்தையும் பேணாத தலைவன் பாதிப் போரைத் தொடங்கு முன்பே தோற்றவனாவான் என்பதை அவர் அங்கே அறிந்தார்.

1799இல் ஹாலந்து நாட்டுப் போரில் அவர் தொடையிலும் முகத்திலும் சுடப்பட்டு வீழ்ந்தார். கார்டன் ஹைலாண்டர் படையைச் சேர்ந்த வீரர் இருவர் அவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றிவிட்டு, மீண்டும் களத்துக்கே விரைந்தனர். பின்னர் மூர் பரிசுத் தொகை அறிவித்து அவர்களைத் தேடினார். பெற்றுக்கொள்ள எவரும் வரவில்லை. 1804இல் சர் என்னும் பட்டமும் அதற்குரிய குலச்சின்னமும் அவருக்கு வழங்கப்பெற்றபோது, அச்சின்னத்தின் ஒரு பக்கத்தில் கார்டன் படையின் எளிய வீரன் ஒருவனின் உருவத்தையே அவர் பொறிக்கச் செய்தார். பெயர் அறியாத வீரனுக்கு ஒரு தளபதி செலுத்திய நன்றிக்கடன் அது.

கடற்கரைப் பாசறை

1803ஆம் ஆண்டில் பிரான்சின் நெப்போலியன் இங்கிலாந்தின்மீது படையெடுக்க விரும்பி, கால்வாய்க்கு அப்பால் புலோன் துறையில் பெருஞ்சேனையைத் திரட்டினார். இப்பால், கெண்ட் மாவட்டத்தின் கடலோரக் குன்றாகிய ஷார்ன்கிளிஃபில் பாசறை அமைத்துக் காவல் புரியும் பொறுப்பு மூரிடம் ஒப்படைக்கப்பட்டது. 43ஆம் பிரிவும் 52ஆம் பிரிவும், ரைபிள் படையாகிய 95ஆம் பிரிவும் அங்கே அவரிடம் பயின்றவற்றுட் சிறந்தவை. முன்னிரண்டும் விரைந்து பரவி இயங்கும் இலகு காலாட்படைகளாக மாற்றப்பட்டவை. புதிய கவாத்து முறைகளை வகுப்பதில் 52ஆம் பிரிவின் கர்னல் கென்னத் மெக்கென்சி மூருக்கு வலக்கை போல் இருந்தார். ரைபிள் படையை உருவாக்கிய கூட் மானிங்காம், அதன் அதிகாரிகளுக்குக் காவல், ரோந்து, வேவு ஆகியவை பற்றித் தொடர்ச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒருவர் தனித்துச் செய்த பணி அன்று இது. பலருடைய அறிவைத் திரட்டி ஒன்றாக்கிய பெருமையே மூருக்கு உரியது.

அக்காலத்துப் படைப்பயிற்சி பெரும்பாலும் அச்சத்தை அடித்தளமாகக் கொண்டது. வீரன் சிவப்புச் சட்டை அணிந்து வரிசையில் தோளோடு தோள் உரச நிற்பான். ஆணை பிறந்ததும் சுடுவான். தவறினால் கசையடி பெறுவான். தானாக எதையும் எண்ணுதல் அவன் வேலை எனக் கருதப்படவில்லை. மூர் இம்முறையைத் தலைகீழாக மாற்ற முற்பட்டார். தண்டனைக்கு அஞ்சிப் பணிபவன் தண்டிப்பவன் கண் மறைந்ததும் கடமையை மறப்பான். காரணம் அறிந்து பணிபவன் தனித்து நிற்கும்போதும் கடமை தவறான் என்பது அவர் கருத்து. ஆதலின், திருத்தத்தை அவர் முதலில் வீரரிடம் தொடங்கவில்லை; அதிகாரிகளிடமே தொடங்கினார். அதிகாரிகள் வீரரோடு நின்று அதே கவாத்தைக் கற்க வேண்டும். தம்கீழ் உள்ள ஒவ்வொருவனுடைய பெயரையும் இயல்பையும் திறனையும் அறிய வேண்டும். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதினும் நிகழாமல் தடுப்பதையே பெருமையாகக் கொள்ள வேண்டும் என்று வகுத்தார். இதனால் அப்பாசறையிற் கசையடி அருகிற்று. நன்னடத்தைக்குப் பாராட்டு மிகுந்தது.

களத்தின் நுட்பங்கள்

பயிற்சியின் முதற்படி நடையும் உடலும் ஆகும். விறைத்த நடையை விடுத்து, இயல்பான எளிய நடையில் நெடுந்தொலைவு செல்ல வீரர் பழகினர். காலணியைச் சீராக வைத்துக்கொள்வதும், பாதத்தைப் பேணுவதும், தம் உணவைத் தாமே சமைப்பதும் பாடங்கள் ஆயின. கால் புண்பட்டவன் துப்பாக்கி ஏந்தியும் பயன் இல்லை அன்றோ?

இரண்டாவது, குறி பார்த்துச் சுடுதல். சாதாரணத் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ நூறு கஜத்துக்கு அப்பாற் குறி தவறிவிடும். ரைபிள் துப்பாக்கியின் குழலினுள்ளே சுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவதால், தேர்ந்த வீரன் இருநூறு கஜத் தொலைவிலும் குறி வைக்கலாம். ஆனால், அதில் மருந்தும் குண்டும் கெட்டித்து நிரப்பக் காலம் மிகுதியாகும். நிரப்பும் வேளையிற் பகைவன் பாய்ந்தால் என் செய்வது? இதற்கு விடையாக அமைந்ததே இருவர் முறை. வீரர் இருவர் இருவராக இணைந்து போரிடுவர். ஒருவன் சுட்டு நிரப்புகையில் மற்றவன் குண்டு நிரம்பிய துப்பாக்கியுடன் காத்திருப்பான். முன்னவன் நிரப்பி முடித்த பின்பே பின்னவன் சுடுவான். ஒருவன் முன்னேறும்போது மற்றவன் அவனைக் காப்பான். ஒருவன் உயிர் மற்றவன் கையில் இருந்தமையால், பொறுப்பும் நட்பும் ஒருங்கே வளர்ந்தன.

மூன்றாவது, நிலத்தைப் பயன்படுத்தல். வேலி, பள்ளம், பாறை, மரம், குட்டைச் சுவர் ஆகிய ஒவ்வொன்றும் அறிந்தவனுக்குக் கேடயமாகும். மறைவினின்று மறைவுக்கு விரைந்து ஓடவும், படுத்தும் முழந்தாளிட்டும் சுடவும், தொலைவைக் கண்ணால் மதிப்பிடவும் வீரர் கற்றனர். ரைபிள் வீரர் செடிகொடிகளோடு ஒன்றித் தோன்றுமாறு கரும்பச்சை உடை அணிந்தனர். பரந்து நிற்பவர்க்குத் தலைவனின் குரல் எட்டாதாகையால், ஊதுகொம்பின் ஒலியும் சீழ்க்கை ஒலியும் ஆணைகளாயின.

நான்காவது, சிறு குழுவின் திட்டம். முன்னே பரவிச் செல்வோருக்குப் பின்னே துணைக்குழு ஒன்று இருக்க வேண்டும். அதற்கும் பின்னே சேமப்படை இருக்க வேண்டும். குழுத்தலைவன் தன் ஆட்களை நகர்த்துமுன் நிலத்தைத் தன் கண்ணாற் காண வேண்டும். எவ்வழியிற் செல்வது, பகைவன் எங்கிருந்து சுடக்கூடும், தடைப்பட்டால் எவ்விடத்துக்குப் பின்வாங்குவது என்பவற்றை முன்கூட்டியே எண்ண வேண்டும். காவலிலும் இவ்வாறே. பகலிற் காவலர் தொலைவு தெரியும் மேட்டில் நிற்பர்; இரவில் மேட்டின் அடியில் இறங்கி நிற்பர். ஏனெனில், இருளில் மேட்டைக் கடப்பவனின் உருவம் வானத்தின் எதிரே நிழலாகத் தெரியும். இத்தகைய சிறு உண்மைகள் ஒவ்வொன்றும் ஓர் உயிரைக் காப்பன. அவற்றைத் தளபதி மட்டும் அறிந்தாற் போதாது. காவல் நிற்கும் கடைசி வீரனும் காரணத்தோடு அறிய வேண்டும் என்பதே ஷார்ன்கிளிஃப் பாடத்தின் சாரம்.

நெப்போலியனின் படை கால்வாயைக் கடக்கவே இல்லை. ஆனால் அப்பாடத்துக்கு உரிய சோதனை வேறொரு நாட்டிற் காத்திருந்தது.

பனிமலைச் சோதனை

1808ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போர்ச்சுகலில் இருந்த பிரிட்டிஷ் படைக்கு மூர் தலைவரானார். நெப்போலியனை எதிர்த்த ஸ்பெயின் மக்களுக்கு உதவுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் சலமான்கா நகரை அடைந்தபோது ஸ்பெயினின் படைகள் சிதறியிருந்தன. டிசம்பர் 4ஆம் நாள் தலைநகராகிய மாட்ரிட் வீழ்ந்தது. ஸ்பெயினிற் புகுந்திருந்த பிரெஞ்சுப் படையினர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். மூரிடம் இருந்தோர் சுமார் முப்பதாயிரவரே. லிஸ்பனுக்குத் திரும்பித் தம் படையைக் காப்பது அவருக்கு எளிது. அங்ஙனம் செய்தால் நெப்போலியன் தென் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் தடையின்றி விழுங்கிவிடுவார். ஆகவே மூர் வடக்கே திரும்பி, பிரெஞ்சுத் தளபதி சூல்ட்டின் படையைத் தாக்குவது போல் முன்னேறினார். புலியின் வாலைத் தொட்டு அதனைத் தம்பக்கம் திருப்புவதே அவர் நோக்கம். நோக்கம் நிறைவேறிற்று. நெப்போலியனே பெரும்படையுடன் குவாதராமா மலையைப் பனிப்புயலிற் கடந்து விரைந்து வந்தார். டிசம்பர் 24ஆம் நாள் மூரின் படை கொருன்னாத் துறைமுகத்தை நோக்கிப் பின்வாங்கத் தொடங்கிற்று.

ஏறக்குறைய 250 மைல் தொலைவு. கலீசியா நாட்டு மலைப்பாதை. முழங்கால் அளவு பனி. உணவு குறைந்தது, காலணிகள் கிழிந்தன. படையோடு வந்த பெண்டிரும் பிள்ளைகளும் வழியோரத்தில் விழுந்து உயிர் நீத்தனர். இழுக்கும் விலங்குகள் மடிந்தமையால், வெள்ளி நாணயங்கள் நிறைந்த மிடாக்களை மலைச்சரிவில் உருட்டிவிட வேண்டியதாயிற்று. போரிடாமல் பின்செல்வதை மானக்கேடாகக் கருதிய படைப்பிரிவுகள் பல கட்டுக் குலைந்தன. பெம்பிப்ரே என்னும் ஊரில் மதுக்கிடங்குகளை உடைத்துக் குடித்து மயங்கிய நூற்றுக்கணக்கானோர் பகைவர் கையிற் சிக்கினர். சிலர் ஊராரைக் கொள்ளையிட்டனர். மூர் கடுந்தண்டனைகள் விதித்தும் ஒழுங்கு முற்றும் மீளவில்லை. தம் கையாற் பயிற்றாத படைக்கும் அவர் தலைவர் அல்லரோ? மிக விரைவாக நடத்திச் சென்றார் என்ற குறையும் பின்னாளில் அவர்மீது கூறப்பட்டது.

ஆயினும், படையின் பின்னணியைக் காக்கும் கூழைப்படை மட்டும் வேறாக இருந்தது. எட்வர்டு பேஜட்டின் தலைமையில் அமைந்த அச்சேமப்பிரிவில், ஷார்ன்கிளிஃபிற் பயின்ற 52ஆம் பிரிவினரும் 95ஆம் பிரிவின் ரைபிள் வீரரும் இருந்தனர். அவர்களும் மனிதரே, அவர்களுள்ளும் கொள்ளையிட்டோர் சிலர் இருந்தனர். 1809ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், ககபெலோசு என்னும் சிற்றூருக்கு அருகில், பேஜட் தம் பிரிவை நாற்புறமும் நிறுத்திக் குற்றவாளிகள் இருவரைத் தூக்கிலிட ஆயத்தமானார். கயிறு கழுத்தில் ஏறிய வேளையில் பகைவர் நெருங்குவதாகச் செய்தி வந்தது. இவ்விருவரையும் மன்னித்தால் இனி ஒழுங்கு தவறாதிருப்பீர்களா என்று பேஜட் படையினரைக் கேட்டார். அனைவரும் ஒரே குரலில் உறுதி கூறினர். கயிறுகள் அவிழ்க்கப்பட்டன. சற்று நேரத்தில் அப்படை ஆற்றங்கரையில் பகைவரைத் தடுத்து நின்றது. டாம் பிளங்கெட் என்னும் ரைபிள் வீரன் முன்னே சென்று, பனியிற் படுத்துக் குறி வைத்து, பிரெஞ்சுக் குதிரைப்படைத் தலைவர் கோல்பேரைச் சுட்டு வீழ்த்தினான். பிரெஞ்சுக்காரரின் பாய்ச்சல் தடைப்பட்டது. கொடுத்த வாக்கும் காக்கப்பட்டது.

அன்று முதல் பாலத்துக்குப் பாலம், வளைவுக்கு வளைவு இதே காட்சி நிகழ்ந்தது. ஒரு குழு மறைவில் நின்று சுடும். மற்றது பின்சென்று அடுத்த நிலையைப் பிடிக்கும். பின்னர் முன்னது அதனைக் கடந்து செல்லும். பாசறையில் இருவராகக் கற்றதை இங்கே நூற்றுவராகச் செய்தனர். மூரும் பெரும்பாலும் அப்பிரிவுடனேயே இருந்தார். இடைவிடாது போரிட்ட அக்கூழைப்படை, பகைவரைக் காணாது முன்னே நடந்த பிரிவுகளைவிடக் குறைவான ஆட்களையே வழியில் இழந்தது என்பது வியப்புக்கு உரியது. உண்மையான ஒழுங்கு அச்சத்தினின்று பிறப்பதன்று, கடமையைப் புரிந்துகொண்ட உள்ளத்தினின்று பிறப்பது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வீர மரணம்

சனவரி 11ஆம் நாள் மூர் கொருன்னாவை அடைந்தார். துறைமுகத்திற் கப்பல்கள் இல்லை. 14ஆம் நாளே அவை வந்தன. இடைக்கிடைத்த நாட்களில் அங்கிருந்த கிடங்கினின்று வீரருக்குப் புதிய துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. நோயாளிகள் முதலிற் கப்பல் ஏறினர். 16ஆம் நாள் பிற்பகல் சூல்ட் தாக்கினார். எல்வீனா என்னும் சிற்றூரைச் சுற்றிக் கடும்போர் மூண்டது. அங்கு நின்று வீரரை ஊக்கிக்கொண்டிருந்த மூரின் இடத்தோளைப் பீரங்கிக் குண்டு ஒன்று சிதைத்தது. அவரைத் தூக்கியபோது இடையில் இருந்த வாள் காயத்தில் உறுத்தியது. அதனைக் கழற்ற முயன்றவர்களை அவர் தடுத்தார். வாளோடே களம் நீங்க விரும்பினார். பகைவர் பின்னடைந்தனர் என்று கேட்டறிந்து மனநிறைவு கொண்டார். தம் துணை அதிகாரிகளின் நலத்தை உசாவினார். அன்றிரவே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தேழு.

மறுநாள் விடியற்காலையில், நகர மதிலின்மேல் அவசரமாகத் தோண்டிய குழியில், அவருடைய போர்ப் போர்வையே சவக்கோடியாக, அவர் அடக்கம் செய்யப்பட்டார். படை கப்பலேறித் தப்பியது. பகைவராகிய சூல்ட்டும் அவர் வீரத்தை மதித்து நினைவுக்குறி அமைக்கச் செய்தார். அயர்லாந்துக் கவிஞர் சார்லஸ் உல்ஃப் அவ்வடக்கத்தைப் பாடிய பாடல் 1817இல் வெளிவந்து ஆங்கில உலகெங்கும் பரவிற்று.

விளைந்த வித்து

பயிற்றியவர் மறைந்தார், பயிற்சி மறையவில்லை. அடுத்த ஆண்டில், 1810இல், 43, 52, 95 ஆகிய மூன்று பிரிவுகளையும் முதன்மையாகக் கொண்டு இலகு டிவிஷன் அமைக்கப்பட்டது. வெல்லிங்டன் ஸ்பெயினில் நடத்திய போர்களில் அதுவே அவருடைய கண்ணும் காதுமாய் முன்னணியிற் காவல் நின்றது. மூரிடம் செயலாளராக இருந்த ஜான் கோல்போர்ன், 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ களத்தில் 52ஆம் பிரிவின் தலைவராக இருந்தார். நெப்போலியனின் மெய்காப்புப் படை இறுதியாக முன்னேறிய வேளையில், மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல், நிலைமையைத் தாமே உணர்ந்து தம் பிரிவைத் திருப்பி அதன் பக்கவாட்டில் தாக்கினார். அப்படை உடைந்தது. தானே எண்ணிச் செயலாற்றும் வீரனை உருவாக்க வேண்டும் என்று ஷார்ன்கிளிஃபில் ஊன்றிய வித்து அன்று கனி தந்தது.

ஒரு தலைவனின் பெருமை அவன் பெற்ற வெற்றிகளின் தொகையால் மட்டும் அளக்கப்படுவதன்று. அவன் இல்லாத இடத்தில், அவன் ஆணை எட்டாத வேளையில், அவனிடம் பயின்றவர் எங்ஙனம் நடந்துகொள்கின்றனர் என்பதே அதற்குரிய அளவுகோலாகும். அக்கோலால் அளந்து பார்க்கின், பின்வாங்கிய தளபதியாகிய ஜான் மூர் வென்றவர் பலரினும் உயர்ந்து நிற்பார்.